ஈவினிங் பிரிம்ரோஸ் மாத்திரை: எனக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, அம்மாவும் கேக்குறாங்க

கரூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு 38 வயசு. ஒரு வருசமா, தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே ரெண்டு மார்பும் கல்லு மாதிரி கனத்துப் போகுது. அக்குள் வரைக்கும் இழுக்குது. சின்னவன் ஓடி வந்து கட்டிப் புடிச்சா உசுரே போகுது. ஒரு நாள் அவனைத் தள்ளி விட்டுட்டு அப்புறம் உக்காந்து அழுதேன். தேதி வந்த ரெண்டாம் நாள் எல்லாம் வடிஞ்சிருது.

பயந்துக்கிட்டே லேடி டாக்டர்கிட்டப் போனேன். கையில பார்த்து, ஸ்கேனும் எடுத்து, கட்டி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஈவினிங் பிரிம்ரோஸ் ஆயில் 1000 மி.கி., ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, மூணு மாசத்துக்கு. எப்படி வேலை செய்யும்னு கேக்க நெனச்சேன், வெளியில அத்தனை பேரு காத்திருந்தாங்க, எந்திரிச்சு வந்துட்டேன்.

இது நம்ம வீட்டு அந்திமந்தாரையா? மெடிக்கல்ல இருந்த பையன் ஆமான்னு தலையாட்டுனான். நான் புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடமாட்டேன், மாத்திரையோட கூடு எதுல செஞ்சதுங்க? அப்புறம், எங்கம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழ தோல் வறண்டு அரிக்குது. தோலுக்கும் நல்லதாமே, எனக்கும் ரெண்டு குடுங்கிறாங்க. குடுக்கலாமா?

மருந்துக்கடை மதுரை:

தங்கச்சி, அம்மாவுக்கு இப்பக் குடுக்காதீங்க. அவங்க வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு முதல்ல எழுதுங்க.

அந்திமந்தாரை இல்லவே இல்லை. அந்த விதை விஷம், அதை அரைச்சு எதுவும் பண்ணிராதீங்க. இது வட அமெரிக்காச் செடி. முதல் வருசம் இலையை மட்டும் தரையோட விரிச்சுக் கிடக்கும், ரெண்டாம் வருசம் தண்டு விட்டு, சாயங்காலம் மஞ்சளாப் பூக்கும். அதோட பொடி விதையில எடுக்கிற எண்ணெய் இது. முக்கால் பங்குக்குக் கிட்ட லினோலிக் அமிலம், அது சூரியகாந்தி எண்ணெயிலயே தாராளமா இருக்கு. விலை கேக்குறது மிச்சத்துல இருக்கிற காமா லினோலெனிக் அமிலத்துக்கு, நூத்துக்கு எட்டுல இருந்து பத்து பங்கு. உடம்பு அதுல இருந்து வீக்கத்தை அடக்குற ஒரு சரக்கைத் தயாரிக்குது. அது குறைஞ்ச பொம்பளைங்களுக்கு மார்பு ஹார்மோனுக்கு ரொம்பத் துள்ளும், வெளியில இருந்து குடுத்தா அடங்கும்னு கணக்கு.

கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையையும் குடுத்துப் பார்த்தப்ப, ரெண்டு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வலி குறைஞ்சது. இந்த வலி தானா ஏறும், தானா இறங்கும். நானே இதை விக்கிறவன், இருந்தாலும் உங்ககிட்ட மறைக்க மனசு வரலை. பொதுவாக் கெடுதல் கம்மி. சிலருக்கு வயிறு பொருமும், தலை வலிக்கும். வலிப்புக்கு மருந்து எடுக்குறவங்களும் கர்ப்பமா இருக்கிறவங்களும் டாக்டரைக் கேக்காமத் தொடக் கூடாது.

கூடு பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டுத் தோல், எலும்புல இருந்து வர்றது. டப்பாவுல பழுப்பு முக்கோணம் போட்டிருந்தா அசைவம். சைவக் கூட்டுல வர்றதும் இருக்கு, கேட்டு வாங்குங்க.

லண்டன் அம்மா:

தங்கச்சி, தோலுக்கு எண்டபடியால் எழுதுறன். என்ர மகன் 1994இல பிறந்தவன். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பெல்லாம் எக்ஸிமா எண்ட தோல் அரிப்பு நோய், இரவிரவாச் சொறிஞ்சு படுக்கை விரிப்பில ரத்தம். அப்ப டாக்குத்தர் எபோகாம் எண்டு இந்த எண்ணெய்க் குளிசைதான் எழுதித் தந்தவர். முனையை வெட்டிப் பாலுக்குள்ள பிழிஞ்சு குடுப்பன். மாதக்கணக்கா நம்பிக்கையோட குடுத்தனான். பிள்ளை சொறிஞ்சு கொண்டுதான் இருந்தவன்.

2002இல எபோகாமுக்கும், மார்பு நோவுக்குக் குடுத்த எஃபமாஸ்டுக்கும் இஞ்ச மருந்து உரிமத்தை எடுத்துப் போட்டினம், வேலை செய்யுது எண்டதுக்கு ஆதாரம் காணாது எண்டு. 2013இல, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சரிபார்க்கிற கொக்ரேன் எண்ட அமைப்பின்ர ஆக்கள் இந்த எண்ணெயையும், இதே காமா லினோலெனிக் அமிலம் இருக்கிற போரேஜ் எண்ட செடியின்ர எண்ணெயையும் பற்றின 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, எக்ஸிமாவுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையை விட மேலில்லை எண்டு சொன்னவை. வாசிச்ச அண்டைக்கு எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு உண்மையாக் கை குடுத்தது, குளிச்ச ஈரம் காய முதல் தடிப்பாப் பூசின களிம்பும், மோசமான நாளில டாக்குத்தர் தந்த ஸ்டீராய்ட் கிறீமும்தான். அம்மாவுக்கும் வெளியால பூசுங்கோ.

நாகர்கோவில் மேரி:

எனக்கும் இதே வலி இருந்துச்சு சிஸ்டர். நாலு மாசம் இந்த மாத்திரை போட்டேன், குறைஞ்சது. ஆனா அதே சமயம்தான் கடையில அளவெடுத்து சரியான பிரா வாங்கினேன். அதுவரை ஏழு வருசமா ரெண்டு சைஸ் சின்னதைப் போட்டு இறுக்கிட்டு இருந்திருக்கேன்! அதனால எதுல குறைஞ்சதுன்னு சத்தியமா என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. மாத்திரையை விட்டு ரெண்டு வருசமாச்சு, வலி பழையபடி வரலை. ரொம்ப வலிச்ச நாள்ல டைக்ளோஃபெனாக் ஜெல் மேலாகத் தடவச் சொன்னாங்க, அது நல்லாக் கேட்டுச்சு. உங்க டாக்டர்கிட்ட அதைக் கேட்டுப் பாருங்க.

கரூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. அண்ணா, அம்மாவுக்கு இதய வால்வு மாத்தி ஒன்பது வருசமாச்சு. ரத்தம் உறையாம இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பார்க்க மாசாமாசம் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போறோம்.

மருந்துக்கடை மதுரை:

அதனாலதாம்மா கேட்டேன். இந்த எண்ணெய் ரத்தம் உறையறதை இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம், வார்ஃபரினோட சேர்ந்தா ரத்தக் கசிவு வரலாம். உங்க அட்டையை அவங்க கைக்கு எட்டாம வைங்க. ஏற்கெனவே ஒண்ணு ரெண்டு போட்டிருந்தா கோயம்புத்தூர் டாக்டருக்கு இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிருங்க. கால்ல அரிப்பு நரம்பு சுருண்டதாலயும் வரும், அடுத்த தடவை போறப்ப அதையும் காட்டுங்க.

கரூர்க்காரி:

கேட்டுட்டேங்ணா, போடலையாம். அட்டையை பீரோவுல வச்சுப் பூட்டியாச்சு. இப்பத்தான் கால் கழுவி, ஈரத்தோட தேங்காய் எண்ணெய் தடவி விட்டேன். எனக்கு நாளைக்கு சாயங்காலம் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். கேக்க வேண்டியதை எல்லாம் இந்தத் தடவை சீட்டுல எழுதி வச்சிருக்கேனுங்க.