ஓ.சி.டி. குளிசை நாலு வருசத்துக்கு மேலாப் போடுறன், உடம்பை என்ன செய்யும்?

வெள்ளவத்தை_நாலாம்மாடி:
வணக்கம். எனக்கு வயசு 31, வெள்ளவத்தையில அம்மாவோட இருக்கிறன். 2021 தையில ஓ.சி.டி. (வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒண்டையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய்) எண்டு சொல்லி செர்ட்ரலின் குளிசை தொடங்கினவை. 50 இல இருந்து ஏத்தி ஏத்தி இப்ப 150 மில்லிகிராம்.

குளிசை வேலை செய்யுது, அதைச் சொல்லத்தான் வேணும். முந்தி காஸ் ரெகுலேட்டரை மூடிப்போட்டுப் படியால இறங்கிக் காலி வீதி மட்டும் போவன். பிறகு திரும்பி நாலு மாடி ஏறுவன். ஒரு காலமை ஆறு தரம் ஏறி இறங்கினனான். இப்ப ஒருக்காப் பாத்தாப் போதும். விரல் மூட்டில சவர்க்காரம் திண்ட வெடிப்பும் ஆறீட்டுது.

ஆனா இரவில தண்ணி தரேக்க அம்மா சொல்லுறது ஒரே கதை: “இவ்வளவு வருசம் போட்டா கிட்னி பழுதாப் போகும் பிள்ளை.” அதால குளிசைப் பெட்டிக்குள்ள இருக்கிற, பக்கவிளைவு எழுதின தாளை வாசிக்கத் தொடங்கினன். மடிப்புக் கிழிஞ்சு டேப் ஒட்டி வைச்சிருக்கிறன். படபடப்பு எண்ட வரிக்கு வந்தா நெஞ்சு அடிக்குது, தலைசுத்து எண்டா சுத்துது.

2022 இல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் ஐஞ்சு நாள் குளிசை இல்லை. தலையைத் திருப்பினா மண்டைக்குள்ள கறண்ட் அடிச்ச மாதிரி. அண்டையில இருந்து, இதுக்கு அடிமையாகீட்டன் எண்ட பயம். இப்ப கலியாணமும் பேசினம். காட்டுற தனியார் கிளினிக்கில கேட்டா டொக்டர் தலை நிமிராமல் “தொடர்ந்து போடுங்கோ” எண்டு எழுதித் தந்தார். மூண்டு நிமிசம்தான். கனகாலம் போட்ட ஆக்கள் உள்ளதைச் சொல்லுங்கோ. ஆறுதல் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_வாசி:
தங்கச்சி, நான் 2011 இல இருந்து போடுறன். முதல் குளோமிப்ரமின், வாய் காய்ஞ்சு நாக்கு ஒட்டும். பிறகு புளுஒக்சற்றின் 60. இரவில தலையணை நனையிற வியர்வை. எட்டுக் கிலோ ஏறினன், அது குளிசையாலயோ, பயம் விட்டுச் சோறு இறங்கினதாலயோ சொல்லத் தெரியேல்லை.

இன்னொண்டு இருக்கு, ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். தாம்பத்திய விருப்பம் குறையும், ஆம்பிளை பொம்பிளை ரெண்டு பேருக்கும். ரெண்டு வருசம் நான் வெக்கத்தில மறைச்சன். தன்னில எனக்கு வெறுப்பு எண்டு மனிசி தனிய அழுதிருக்கிறா. பிறகு டொக்டரிட்டைச் சொல்ல அளவை மாத்தினார். முழுக்கச் சரியாகேல்லை, ஆனா இப்ப அவவுக்குக் காரணம் தெரியும். கலியாணத்துக்கு முதல் இதைக் கட்டாயம் டொக்டரிட்டைக் கேளுங்கோ.

ஓய்வுபெற்ற_மருந்தாளர்:
மகள், முப்பது வருசம் ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தனான். அம்மாவிட்டைச் சொல்லுங்கோ, செர்ட்ரலினை உடைக்கிற வேலை ஈரலிடை. கிட்னியைப் பழுதாக்கிற மருந்து எண்டு அதுக்குப் பேர் இல்லை. அவ ஆரும் லித்தியம் எண்ட வேற மனநோய் மருந்து போட்ட ஆக்களின்ர கதையைக் கேட்டிருப்பா. அதுக்குத்தான் இரத்தம் எடுத்துக் கிட்னி பாக்கிறது.

150 எண்டு பயப்பிடாதேங்கோ. ஓ.சி.டி.க்கு மனச்சோர்வை விடக் கூடின அளவு தேவைப்படுறது வழமை, 200 வரைக்கும் குடுப்பினம். மெய்யாக் கவனிக்க வேண்டியது வேற. அஸ்பிரின், டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாதிரி நோக்குளிசையளோட சேர்ந்தா வயித்தில இரத்தம் கசியிற வாய்ப்புக் கூடும். டிராமடோல் எண்ட நோக்குளிசை தந்தாலும், டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான் கலந்த இருமல் பாணி தந்தாலும், செர்ட்ரலின் போடுறன் எண்டு ஃபாமசியில சொல்லோணும். இரத்தத்தில சோடியம் குறையிறது வயசான ஆக்களுக்குத்தான் கூட வரும்.

அந்தக் கறண்ட் அடி அடிமைத்தனம் இல்லை. அடிமையான ஆளுக்கு அளவு கூடக் கூட ஆசை வரும், உங்களுக்கு வந்ததோ? உடம்பு பழகின ஒண்டைச் சடாரெண்டு எடுத்தா அப்பிடித்தான் செய்யும். புளுஒக்சற்றின் உடம்பில கனநாள் நிக்கும், அதால அதில இது குறைவு. நிப்பாட்டுறதெண்டா சுகமாகி ஒரு வருசமாவது போட்ட பிறகு, டொக்டரோட கதைச்சு, மாசக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கோணும். நிப்பாட்டினாப் பிறகு திரும்ப வாறதும் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. பிள்ளை பெற நினைச்சா முன்கூட்டியே கேளுங்கோ. கர்ப்பத்திலயும் பால் குடுக்கேக்கையும் கூடுதலாப் பாவிக்கிற மருந்துகளில செர்ட்ரலினும் ஒண்டு. தானா நிப்பாட்ட மட்டும் வேண்டாம்.

தெஹிவளை_நிலா:
அக்கா, நான் கண்ணாடியில நாக்கைப் பாப்பன், ஒரு நாளைக்கு இருபது தரம். ரெகுலேட்டர் விட்ட இடத்தை இப்ப அந்தத் தாள் பிடிச்சிருக்கு எண்டு எனக்குப் படுது. பயம் வரேக்க அந்தத் திரும்பத் திரும்பப் பாக்கிற சடங்கைச் செய்யாமல் அப்பிடியே இருக்க எனக்கு ஒரு உளவியலாளர் பழக்கினவ. குளிசையோட அதுவும் வேணும். தாளை ஆரிட்டையும் குடுங்கோ. இரவில தாங்கேலாமல் வந்தா 1926, தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம்.

வெள்ளவத்தை_நாலாம்மாடி:
எல்லாருக்கும் நன்றி. போன சனி வேற ஒரு டொக்டரிட்டைப் போனன், அரைத் தாளில நாலு கேள்வி எழுதிக்கொண்டு. அண்ணா சொன்ன கேள்வியும் அதில இருந்தது, வாயால வரேல்லை, விரலால காட்டினன். அவர் நிதானமா வாசிச்சுப் பதில் சொன்னார். கலியாணம் முடியும் மட்டும் 150 ஐ மாத்த வேண்டாமாம், பிறகு இருந்து கதைப்பமாம். அம்மாவும் வந்தவ. கிட்னியைப் பற்றித் தானே கேட்டா, ரெண்டு தரம்.

தாளை அவவிட்டைக் குடுத்திட்டன். அலுமாரியில சாறிகளுக்கு அடியில வைச்சுப் பூட்டீட்டா. நேற்று இரவு கேட்டனான். தரேல்லை.