புதுப்பிப்பு: அசைச் சீட்டுகளும் பெருக்கல் விதியும்

பதினொன்றாம் வகுப்புச் சேர்ப்பியலைக் குறள் வெண்பா எழுதவைத்துத் தொடங்கலாம் என்ற முந்தைய இழையில் ஒரு கணக்கு தவறு. குறளின் ஏழு சீரையும் (சீர்: அசை எனும் ஒலிக்கூறுகள் சேர்ந்த அலகு) தனித்தனியாகப் பெருக்கி 8⁶ × 4 = 10,48,576 வாய்பாடுகள் (அசை அமைப்புகள்) என்று போட்டிருந்தது. தளையை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதியை, மறந்த கணக்கு அது.

சரியானது: அசை இரு வகை: தனிக் குறிலோ நெடிலோ நேர், குறிலோடு இன்னொரு எழுத்து சேர்ந்தால் நிரை; பின்வரும் ஒற்று கணக்கில் இல்லை. முதல் சீருக்கு 8 வழி (நேரில் முடியும் ஈரசை மா 2, நிரையில் முடியும் ஈரசை விளம் 2, நேரில் முடியும் மூவசை காய் 4). மாவுக்குப் பின் நிரை, விளத்துக்கும் காய்க்கும் பின் நேர் வர வேண்டும் என்பதால் அடுத்த சீரின் முதல் அசை கட்டுண்டுவிடும். ஆக, அடுத்த ஐந்து சீருக்கும் தலா 4 வழிதான். ஈற்றுச் சீருக்குத் தனி வாய்பாடுகள் நான்கு; நேரில் தொடங்கினால் நாள், காசு என இரண்டு வழி. நிரையானால் மலர், பிறப்பு என இரண்டு. 8 × 4⁵ × 2 = 16,384. நிபந்தனை வந்ததும் 64-ல் ஒரு பங்காகச் சுருங்குவதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். பாடத்தின் உயிர் அங்கேதான்.

மாணவர்கள் அடுக்கிப் பார்க்கும் சொற்சீட்டுகளுக்கு நம் பாம்பன் கரைச் சொற்களே போதும்: பாம்பன் (தேமா), படகு (புளிமா), மண்டபம் (கூவிளம்), கடலலை (கருவிளம்). ‘படகு’க்குப் பின் ‘கடலலை’ நிற்கும், ‘பாம்பன்’ நிற்காது. கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் தாள் பறக்கும், கெட்டி அட்டையில் வெட்டுங்கள்.

அதிகம் சறுக்கும் இடம் ‘மண்டபம்’. மண்/ட/பம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். குறிலை அடுத்துக் குறில் வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை: மண்/டபம். ‘படகு’ குறளின் ஈற்றுச் சீராக வந்தால் பிறப்பு வாய்பாடு; அதற்குத் தனிச் சீட்டு வேண்டும்.

எதுகை, மோனையை இப்போதைக்குக் கேட்காதீர்கள்.