வைக்கோல் மூடாக்குக்குப் பின் பயிர் மஞ்சளாவது ஏன்?

கேள்வி:
மழை பருவம் தவறிப் பெய்வதால் ஈரத்தைக் காக்க எண்ணி, கோதுமை வைக்கோலை மண்ணோடு கலந்து உழுதேன்; ஈரம் நின்றது, ஆனால் மூன்றே வாரத்தில் இளம்பயிரின் அடியிலைகள் வெளுத்து மஞ்சளாகிவிட்டன. மூடாக்கே (மண்ணை வைக்கோல் போன்றவற்றால் மூடுவதே) தவறா?

மறுமொழி 1:
மூடாக்கு தவறன்று, உழுது கலந்ததுதான் தவறு. அவ்வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏறத்தாழ 80 பங்கு கரிமம் (கார்பன்) உண்டு. மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கோ 24 பங்கே போதும் என்பதால், பற்றாத தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, பயிர் பட்டினி கிடக்கிறது. மேலே பரப்பியிருந்தால் இந்தப் போட்டி மேற்பரப்போடு நின்றிருக்கும்.

மறுமொழி 2:
இப்போதைக்கு நன்கு மட்கிய தொழுவுரம் இடுங்கள். அடுத்த முறை மேலே பரப்புவதானால், மேட்டு நிலத்துக்காரரோடும் பேசிவையுங்கள். அவர் வரப்பு உடைந்தால் ஒரே பெருமழையில் மூடாக்கு முழுவதும் வாய்க்காலுக்குப் போய்விடும் (என் வயலில் அப்படித்தான் போனது).