புதுப்பிப்பு: அட்டை விமானத்தின் இறக்கைத் தொய்வு தீர்ந்தது

பற்பசைப் பெட்டி அட்டையில் செய்த குட்டி விமானம் மூக்கைத் தூக்கிச் சட்டென்று விழுகிறது, இறக்கையும் தொய்கிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

தொய்வைத் தீர்த்தது அட்டையின் நார்த் திசையை, அதாவது அதன் நார்கள் பெரும்பாலும் படுத்திருக்கும் திசையைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். லேசாக வளைத்துப் பார்த்தால் தெரியும்: வளைவுக்கோடு நாரோடு போகும்போது அட்டை சுலபமாக வளையும். அந்த நார் இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டினேன், விறைப்பாக நிற்கிறது. எதிர்பாராத லாபம், பென்சிலில் உருட்டி இறக்கைக்கு வளைவு கொடுக்கும்போது அட்டை மடிந்து உடைவதும் நின்றுவிட்டது.

அப்புறம் மூக்கில் ஒரு பேப்பர் கிளிப். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி விரல்நுனியில் தாங்கினால் விமானம் சமமாக நிற்கும் வரை கிளிப்பை நகர்த்தினேன். இப்போது அழகாக மிதந்து இறங்குகிறது. வாலின் பின்விளிம்பைக் கீழே வளைப்பதும் மூக்கை அடக்கியது, ஆனால் அப்படி வளைத்து வேகமாக எறிந்தால் தலைகுப்புறப் பாய்கிறது.