டிவிஷன் 3 கல்லூரியில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காதா?

நுங்கம்பாக்கம் அப்பா: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது, ஆகவே ஈராண்டு ஜூனியர் காலேஜே புத்திசாலித்தனம் என்று வேளச்சேரியான் நேற்றுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். எம்.ஐ.டி.யும் டிவிஷன் 3தான் ஐயா. விளையாட்டுக்கென்று உதவித்தொகை அங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டு, குறையும் தொகை முழுவதையும் வெளிநாட்டு மாணவருக்கும் தருகிறார்கள். அது ரூபாயில் சேராதா?

வேளச்சேரியான்: விளையாட்டுக்காக ஒரு ரூபாய்கூட இல்லை என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், நன்றி. ஈராண்டுக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமான என்.ஜே.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவு ஜூனியர் காலேஜில் கட்டணம், விடுதி, சாப்பாடு வரை விளையாட்டுக்காகவே தர விதி இடம் கொடுக்கிறது. எம்.ஐ.டி.யில் இடம் பிடிக்கும் பிள்ளை எதற்காக நம்மிடம் யோசனை கேட்கப்போகிறது?

நுங்கம்பாக்கம் அப்பா: விதி இடம் கொடுப்பது வேறு, பயிற்சியாளர் கொடுப்பது வேறு. கலிஃபோர்னியாவின் ஈராண்டுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது என்பதைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்கள். விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தில் அது தரும் தொகைக்கென்று ஓர் இடம் இருக்கிறது. ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகச் சன்னலுக்குப் பின்னால் அதைப் பார்ப்பவர், பணம் டென்னிஸ் மட்டை பிடித்ததற்கா மதிப்பெண் வாங்கியதற்கா என்று கேட்கப்போவதில்லை.

பெரியமேடு ஓட்டக்காரி: ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் முதற்பிரிவான டிவிஷன் 1லேயே இருந்தும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லையே, அதை இருவருமே ஏன் தொடவில்லை?

வேளச்சேரியான்: அங்கேயும் ஒரு ரூபாய்கூட இல்லை என்றுதான் அதற்குப் பொருள், அம்மணி.

நுங்கம்பாக்கம் அப்பா: மறுபடியும் அதே ஒரு ரூபாய்! வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆண்டுகளில் கல்லூரி டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்ற நம் சோம்தேவ் தேவ்வர்மன் ஜூனியர் காலேஜ் வழியாகவா போனார்?

பெரியமேடு ஓட்டக்காரி: டென்னிஸ் அப்பாக்களுக்கு வேறு பெயரே தெரியாதுபோலும். கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் உயரம் தாண்டுதலில் பட்டம் வென்ற தேஜஸ்வின் சங்கரும் இந்தியர்தான்.

வேளச்சேரியான்: இரண்டுமே டிவிஷன் 1. உங்கள் டிவிஷன் 3க்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லையா?

நுங்கம்பாக்கம் அப்பா: பெயர் இருக்கட்டும். முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலேயே டிவிஷன் 1இல் ஆடுவதற்கான ஐந்தாண்டுக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும், ஜூனியர் காலேஜ் ஆண்டுகளும் அதில் கழியும் என்று பெற்றோரிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா? பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குகிறீர்களா என்று போன மாதம் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை.

வேளச்சேரியான்: என் வருமானத்தை விசாரிக்க நீங்கள் வருமான வரித்துறையா?

நுங்கம்பாக்கம் அப்பா: ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.