கேனன் 550டி கேமராவில் அகல் விளக்குப் படம்: ஐஎஸ்ஓ-வை ஏத்தலாமா, கூடாதா?

இருட்டறை:
கார்த்திகை வருது. 550டி வச்சிருக்கிறவங்க மறுபடியும் ஐஎஸ்ஓ-வை (சிக்னலை எவ்வளவு பெருக்கணும்ங்கிற அமைப்பு) 3200-ல வச்சு எடுத்துட்டு "படம் பூரா புள்ளி"ன்னு வருத்தப்பட வேண்டாம். 200-லயே நிறுத்துங்க, ரா-வில் (சென்சார் பதிவை அப்படியே வைக்கிற கோப்பு) எடுங்க, அப்புறம் லைட்ரூம் எடிட்டிங் மென்பொருள்ல நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஏத்திக்கலாம். ஐஎஸ்ஓ ஏத்துறதால சென்சாருக்கு ஒரு துளி ஒளிகூட கூடுதலா வராது. பிறகு ஏன் சுடரை வெளுக்க விடணும்?

கரிசல்:
சார், ஒளி கூடாதுங்கிறது சரி. ஆனா இந்த முறை 550டி-க்கு ஒத்துவராது. அதுல நாய்ஸ் (நீங்க சொன்ன அந்தப் புள்ளிகள்) ரெண்டு இடத்துல சேருது: சென்சார்ல கொஞ்சம், சிக்னலை எண்ணா மாத்துற சர்க்யூட்ல நிறைய. ஐஎஸ்ஓ பெருக்கம் இது ரெண்டுக்கும் நடுவுல நடக்குது. முதல்லயே பெருக்கிட்டா, பின்னாடி சேர்ற நாய்ஸ் சிக்னலுக்கு முன்னால சிறுசாயிடும். நீங்க 200-ல எடுத்து நாலு ஸ்டாப் ஏத்தும்போது அந்த நாய்ஸையும் 16 மடங்கு ஏத்துறீங்க. பின்சுவர் நிழல்ல பட்டை பட்டையா கோடு விழுறது அதனாலதான். அதே 2010-ல வந்த நிக்கான் டி7000-ல உங்க முறை அருமையா எடுபடும். அதுல அந்த மாற்றம் சென்சார் சிப்புக்குள்ளேயே முடிஞ்சிடுது.

இருட்டறை:
கோடு விழும், ஒத்துக்கறேன். சுடருக்கு என்ன பதில்? 1600-ல ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டுற வரைபடம்) நல்லாத்தான் இருக்கு, பெருசாக்கிப் பார்த்தா சுடர் மஞ்சள் வில்லை மாதிரி தட்டையா கிடக்கு.

கரிசல்:
நீங்க பார்த்தது மொத்த வெளிச்சத்தோட ஹிஸ்டோகிராம். விளக்கொளியில சிவப்பு முதல்ல நிரம்பிடும், நீலம் பட்டினி கிடக்கும். படத்தைத் திரையில வச்சு இன்ஃபோ பொத்தானை அழுத்தி மூணு நிறத்தையும் தனித்தனியா பாருங்க. சுடரோட நடு வெளுத்தா போகட்டும். அகலோட விளிம்பும், பக்கத்துல இருக்கிறவங்க கன்னத்துல விழுற ஒளியும் சிவப்பு வரைபடத்தோட வலது ஓரத்துல முட்டக்கூடாது. முட்டினா ஷட்டர் வேகத்தை மூணுல ரெண்டு பங்கு ஸ்டாப் கூட்டுங்க, ஒளி விழுற நேரம் குறையும்.

இன்னொண்ணு, 1600-ஐத் தாண்டாதீங்க. அதுக்கு மேல நாய்ஸ் குறையறது சொற்பம், சுடர்தான் பாழாகும். இருட்டா வந்தா ரா-வில் ஒரு ஸ்டாப் ஏத்துங்க. அந்த இடத்துல நீங்க சொன்னதுதான் சரி.

மாலைவெயில்:
ரெண்டு பேரும் லென்ஸை விட்டுட்டீங்க. கேமராவோட கூட வர்ற 18-55 எம்எம் லென்ஸை 50-ல வச்சா எஃப்/5.6 வரைக்கும்தான் திறக்கும் (எஃப் எண் சிறுசானா திறப்பு பெருசு). 50 எம்எம் எஃப்/1.8 கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளி விடும். இவ்வளவு லாபம் எந்த ஐஎஸ்ஓ கணக்குலயும் கிடைக்காது.

இருட்டறை:
ஒரு மீட்டர் தூரத்துல 1.8-ல ஃபோகஸ் ஆழம் மூணு செ.மீ.கூட வராதே அண்ணே. முன்வரிசை அகல் தெளிவா இருக்கும், பின்வரிசை கரைஞ்சிடும்.

மாலைவெயில்:
வரிசை முழுக்க வேணும்னா டிரைபாட்தான். லைவ் வியூவில் (பின்திரையில நேரடியா பார்க்கிற முறை) 10 மடங்கு பெருசாக்கி, திரி நுனியில கையால ஃபோகஸ் பண்ணுங்க. லென்ஸ் ஸ்டெபிலைசரை அணைச்சிட்டு 2 விநாடி டைமர் வையுங்க. எஃப்/8, ஐஎஸ்ஓ 100-ல சில விநாடி ஆகும், சுடர் ஆடிப் பெருத்துத் தெரியும். அதனால கேமராவை அசைக்காம ஐஎஸ்ஓ 1600, 1/60-ல சுடருக்குத் தனியா ஒரு ஷாட் எடுத்து, எடிட்டிங்ல சுடரை மட்டும் அதுலேர்ந்து ஒட்டுங்க.

கரிசல்:
ஆள் உட்கார்ந்திருந்தா அந்த நீண்ட ஷாட் உதவாது. அப்ப 50 எம்எம், எஃப்/2, 1/80, ஐஎஸ்ஓ 1600. கூட நாலு அகலை முகத்துக்குப் பக்கத்துல நகர்த்தி வச்சா ஷட்டரை இன்னும் வேகமாக்கலாம்.