முதல் முழுநீளப் படம் முடிந்துவிட்டது: விழாவா, திரையரங்கா, யூடியூபா?

நிழற்படி, கொழும்பு 13

வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து 74 நிமிடங்கள் ஓடும் தமிழ்த் திரைப்படம் ஒன்றை எடுத்து, படத்தொகுப்பையும் நிறச் சீராக்கலையும் முடித்திருக்கிறோம். ஹற்றனிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்கெழுதும் பெண்ணின் ஒரு வாரமே கதை. பாட்டும் சண்டையும் இல்லை. நடித்தவர்களில் பெரும்பாலானோர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். சிலர் எங்கள் அயலவர்கள்.

2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியபோது, கமரா வாடகையும் வன்தட்டு விலையும் கைக்கெட்டாமல் போய்ப் படப்பிடிப்பு பாதியில் நின்றது. ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் மிகுதிப் பணத்தைத் தந்தபடியால்தான் படம் முடிந்தது. காலந்தாழ்த்தாமல் யூடியூபில் ஏற்றிவிட்டால் உலகெங்கும் உள்ள நம்மவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இப்போது அவர் சொல்கிறார். பெரிய திரைக்கென்று எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் காட்ட ஒப்பமாட்டேன் என்று ஒளிப்பதிவாளர் நிற்கிறார். எனக்கோ வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பிப் பார்க்க ஆசை. இந்த மூன்றில் எதை முதலில் பிடித்தால் மற்ற இரண்டு வழிகளும் அடைபடாமல் இருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொன்று: காலி வீதியில் ஓடும் தனியார் பேருந்து ஒன்றுக்குள் எடுத்த காட்சியில், பின்னணியில் ஒரு பழைய தமிழ்ச் சினிமாப் பாடல் கேட்கிறது. அது சிக்கலாகுமா?

விழா நாட்காட்டி

நிழற்படி அவர்களுக்கு, எதைச் செய்வதற்கு முன்பும் படத்தைப் பொதுவெளியில் ஏற்றாமல் இருங்கள். றொட்டர்டாம், பூசான் போன்ற விழாக்களின் போட்டிப் பிரிவுகள் உலக அளவிலோ பிராந்திய அளவிலோ முதற்திரையிடலை எதிர்பார்ப்பவை. யூடியூபில் ஒருநாள் கிடந்துவிட்டு நீக்கப்பட்ட படமும் அவர்களுடைய கணக்கில் வெளியான படமே. விழாவுக்குப் பிறகு யூடியூபுக்கு வரலாம். யூடியூபிலிருந்து விழாவுக்குத் திரும்ப முடியாது. தேர்வாளர்களுக்குக் கடவுச்சொல் இட்ட தனிப்பட்ட இணைப்பை மட்டும் கொடுங்கள். அத்தானுடைய நண்பர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.

இலங்கையிலிருந்து போகும் சிறிய படத்தை யார் கவனிப்பார்கள் என்று எண்ணவேண்டியதில்லை. 2005 இல் கான் விழாவில் முதற்படத்துக்கான தங்கக் கமரா விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் நம் நாட்டு விமுக்தி ஜயசுந்தர. 2017 இல் ஜூட் இரட்ணம் எடுத்த ஆவணப்படம் அதே விழாவில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்டது. எனினும் விழாக்களைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். அனுமதிக் கட்டணங்கள் எல்லாம் டொலரிலோ யூரோவிலோ இருப்பதால், கண்டபடி விண்ணப்பித்தால் படம் எடுத்த செலவில் ஒரு பங்கு அதிலேயே கரைந்துவிடும். உங்கள் படத்தின் தன்மைக்குப் பொருந்தும் சிலவற்றைத் தெரிந்து, கட்டண விலக்குக் கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பல விழாக்கள் கொடுக்கின்றன. மாதந்தோறும் டசின் கணக்கில் விருதுகளை அறிவித்து, அந்த விருதின் கோப்பைக்கும் தனியாகப் பணம் கேட்கும் இணைய விழாக்கள் இருக்கின்றன. அவற்றின் இலச்சினைகளைச் சுவரொட்டியில் வரிசையாகப் போட்டால் அனுபவமுள்ள தேர்வாளர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அதைவிட, 2015 முதல் நடந்துவரும் யாழ்ப்பாணச் சர்வதேச திரைப்பட விழாவில், கதையின் மொழியை அறிந்தவர்கள் நடுவில் ஒருமுறை காட்டுவது மேல்.

றொட்டர்டாம் விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதியம், பெர்லின் விழாவின் உலக சினிமா நிதியம் ஆகிய இரண்டுக்கும் இலங்கையர்கள் விண்ணப்பிக்கலாம். பின்னதற்கு ஜேர்மனியத் தயாரிப்புப் பங்காளி ஒருவர் தேவை. ஆனால் இவற்றின் பணம் பெரும்பாலும் இனி எடுக்கப்போகும் படத்துக்கு உரியது. ஆகவே இந்தப் படத்தை ஒரு விழாவுக்குக் கொண்டுபோகும்போது அடுத்த படத்தின் திரைக்கதைச் சுருக்கமும் கையில் இருக்கட்டும்.

ஒலிமேடை

பேருந்துப் பாடலைப் பற்றிச் சொல்கிறேன். சிக்கல்தான். யூடியூபின் தானியங்கி முறை அந்தப் பாடலை இனங்கண்டுவிடும். படத்துக்கு வரும் விளம்பரப் பணம் பாடல் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது சில நாடுகளில் படமே தடைபடலாம். விழாவும் விநியோகஸ்தரும் எழுத்துமூல அனுமதி கேட்பார்கள். பழைய பாடல் என்பதற்காக உரிமை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்; இலங்கைச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நிலைக்கிறது. உரையாடலைத் தனி மைக்கில் பதிந்திருந்தால், பேருந்துச் சத்தத்தை மீண்டும் பதிந்து, அறிமுகமான இசையமைப்பாளர் ஒருவரைக் கொண்டு அந்தக் கால மெட்டில் புதிதாக அரை நிமிடப் பாடல் ஒன்றைச் செய்வித்து உள்ளே வைக்கலாம். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. உரையாடலும் பாடலும் ஒரே தடத்தில் கலந்துகிடந்தால் நடிகர்களை அழைத்துக் குரல் சேர்க்க வேண்டியதுதான்.

நீங்கள் கேட்காத இன்னொரு விடயம். படத்தை நொடிக்கு 25 சட்டங்களில் (பிரேம்களில்) எடுத்தீர்களா, 24 இலா? நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கின் கீழ் மினுக்கத்துக்குப் பயந்து பலர் 25 இல் எடுத்துவிடுகிறார்கள். திரையரங்குக்குக் கொடுக்கும் டிஜிட்டல் கோப்புப் பொதி (டிசிபி) பொதுவாக 24 ஐ எதிர்பார்க்கிறது. 25 ஐ 24 ஆக்கும்போது படம் நான்கு வீதம் மெதுவாகி, குரலின் சுருதியும் இறங்கும். சீர்செய்யலாம், ஆனால் அரங்குக்குப் போன பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த முறை 24 இலேயே எடுத்து கமரா மூடியின் (ஷட்டர்) கோணத்தை 172.8 பாகைக்கு வைத்தால் மினுக்கம் வராது.

கமரா மலிந்துவிட்டது, டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கொழும்பில் நான் பார்க்கும் சுயாதீனப் படங்களில் பத்தில் ஏழு ஒலியில் சறுக்குகின்றன. படுக்கையறையில் ஹெட்போன் போட்டுக் கலந்த ஒலி பெரிய அரங்கில் உரையாடலை விழுங்கிவிடும். எங்காவது ஓர் அரங்கைக் காலையில் ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

பழைய ஒப்பரேற்றர்

நான் திரையரங்கப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கியதிலிருந்து 2000 வரையில் விநியோகம் அரசின் கையில் இருந்தது. அதன் பிறகு தனியார் வலையமைப்புகளிடம் போனது. எந்த முறையிலும் உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு என்று ஒரு வரிசை இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பெரிய நடிகரின் படம் இறங்கினால், வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் உங்கள் படத்துக்குக் கிடைப்பது காலை பத்தரை மணிக் காட்சிதான். அதுவும் திங்கட்கிழமையோடு முடிந்துவிடும். உரிமையாளரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு நுழைவுச்சீட்டைவிட இடைவேளையில் விற்கும் சோளப்பொரியில்தான் இலாபம். 74 நிமிடப் படத்துக்கு எங்கே இடைவேளை விடுவது என்பதுதான் அவர் உங்களிடம் கேட்கப்போகும் முதற் கேள்வி. பதிலை யோசித்துக்கொண்டு போங்கள்.

ஆகையால் வாரக்கணக்கில் ஓட்டும் கனவை விட்டு, அரங்கை ஒரு காட்சிக்கு மொத்தமாக வாடகைக்கு எடுங்கள். ஞாயிறு காலை நல்ல நேரம். சீட்டு விற்பனை உங்கள் பொறுப்பு, வசூலும் உங்களுடையது. பௌத்தாலோக மாவத்தையில் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி அரங்கையும் விசாரியுங்கள். பணம் வாங்கிக் காட்டுவதாக இருந்தால் தணிக்கைச் சபையின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். உரையாடலைத் தட்டச்சு செய்து ஒரு பிரதியும் வைத்திருங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஆங்கில உபதலைப்பைப் போடும் நம் பிள்ளைகள் சிங்கள உபதலைப்பைப் போடுவதில்லை. கொழும்பில் சீரிய சினிமாவைத் தேடிப் பார்க்கும் கூட்டத்தில் பெரும்பகுதி சிங்களம் பேசுவோர். பிரசன்ன விதானகேயின் படங்களுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் பொன்மணி படத்தைத் தமிழில் எடுத்த தர்மசேன பத்திராஜவே சிங்களவர்தானே. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குக் கொடுக்கும் கூலி, சுவரொட்டிச் செலவைவிடப் பயன் தரும்.

மூலப் பிரதியை இரண்டு வன்தட்டுகளில் வெவ்வேறு வீடுகளில் வைத்திருங்கள். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எத்தனை படங்களின் நெகட்டிவ்கள் போயின என்பதை எங்கள் தலைமுறை மறக்கவில்லை.

நேரே ஏற்றுபவன்

விழா நாட்காட்டி அண்ணாவின் வழியில் விழா, திரையரங்கு, பிறகு ஓடிடி (இணையத் திரைத் தளம்) என்று ஒரு படிக்கட்டு தெரிகிறது. மூன்றாவது படி எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் முன்பின் தெரியாதவரிடமிருந்து நேரடியாகப் படம் வாங்குவதில்லை. அமேசான், தன் நேரடிப் பதிவேற்ற வாயிலைக் குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் 2021 இலேயே மூடிவிட்டது. முழுநீளப் படத்தை இடைத்தரகு நிறுவனங்கள் ஊடாகக் கொடுக்கலாம். வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு மூலையில் வைப்பார்கள். ஓராண்டு விழாக்களின் பதிலுக்காகக் காத்திருந்து, எல்லாம் மறுத்துவிட்ட பிறகு, படத்தைப் பற்றி யாரும் பேசாத நாளில் யூடியூபுக்கு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஆனால் அத்தான் நினைப்பதுபோல ஏற்றியவுடன் பணமும் வராது. புதிய சேனல் ஒன்று விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1000 சந்தாதாரர்களும் 12 மாதங்களுக்குள் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். இலங்கையிலிருந்து வரும் பார்வைக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். கனடா, பிரித்தானியப் பார்வைகளே கணக்கில் தெரியும். யூடியூப் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் உலகெங்கும் வரும் வருமானத்தில் 24 வீதம் வரை பிடித்துவிடுவார்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பகுதிக்கு மட்டும் வரி, அதுவும் இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி குறையும். ஆகவே விழாக்களுக்கு அனுப்பியிருக்கும் காலத்தைச் சும்மா விடாதீர்கள். நடித்த அயலவர்களைப் பற்றியும் செட்டியார் தெருவில் படம்பிடித்த விதத்தைப் பற்றியும் சிறு காணொளிகளைப் போட்டுச் சேனலை வளர்த்து வையுங்கள். படம் வரும் நாளில் பார்க்க ஆட்கள் இருப்பார்கள். காத்திருப்புக்கு ஓர் எல்லைத் திகதியையும் இப்போதே குறித்து, அத்தானிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்காபரோ மண்டபம்

ரொறன்ரோ என்று கண்டதால் எழுதுகிறேன். இங்கே ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் மண்டபம் எடுத்துப் படம் காட்டுகின்றன. இலண்டன், பாரிஸ், சூரிச்சிலும் அவ்வாறே. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் சேரும் பணம், யூடியூப் பல மாதங்களில் தருவதைவிடக் கூடுதலாக இருக்கலாம். விழாத் திரையிடல் முடிந்த பிறகு, யூடியூபுக்கு முன், இதைச் செய்யுங்கள். இளையவர்கள் வருவதற்கு ஆங்கில உபதலைப்பு கட்டாயம். உலக உரிமை முழுவதையும் காலவரையறை இன்றி எழுதித் தரச் சொல்லி யாராவது சிறு தொகையோடு வந்தால் கையெழுத்திட வேண்டாம். நாடு, காலம், காட்டும் முறை ஆகிய மூன்றையும் பிரித்தே கொடுக்க வேண்டும்.

நிழற்படி, கொழும்பு 13

எல்லோருக்கும் நன்றி. படம் 25 சட்டங்களில்தான் எடுக்கப்பட்டது; உரையாடலுக்கு ஆடை மைக் இருந்ததால் பேருந்துப் பாடலை மாற்றிவிடலாம் என்று எங்கள் ஒலிப்பதிவாளர் சொல்கிறார். விழாக்களுக்கு ஓராண்டு எல்லை வைத்து, அதற்கிடையில் சிங்கள உபதலைப்பைச் செய்விக்க முடிவெடுத்திருக்கிறோம். அத்தானோடு எழுத்தில் எதுவும் இல்லை. குடும்பத்துக்குள் ஒப்பந்தம் என்று போய்க் கேட்பது எப்படி என்றுதான் தயக்கம்.

விழா நாட்காட்டி

கேட்டே ஆகவேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஒரு திரைப்படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்கு உரியது. உங்கள் படத்தில் தயாரிப்பாளர் நீங்களா, அவரா, இருவருமா என்பது தலைப்பு அட்டையில் பெயரைப் போட்டவுடன் எழும் கேள்வி. விழாவும் மண்டபக்காரரும் உரிமைப் பத்திரம் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான். அவர் போட்ட தொகை, முதலில் திரும்பப் பெறுவது யார், அதற்குப் பிறகு என்ன பங்கு, எங்கு வெளியிடுவது என்பதை யார் தீர்மானிப்பது ஆகியவை அடங்கிய இரண்டு பக்கம் போதும். நடிகர்களிடமும், உங்கள் ஒலிப்பதிவாளர் புதிதாகச் செய்விக்கும் பாடலின் இசையமைப்பாளரிடமும் அதே வாரத்தில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.